ஒரே வீட்டில் இரண்டு மனச்சோர்வு: ஒருவருக்குத் தூக்கமே இல்லை, ஒருவர் எழுவதே இல்லை

"வீடு மார்த்தாண்டம் பக்கம். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர், போன வருஷம் இறந்துவிட்டார். அதிலிருந்து அறுபது வயது அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை, ராத்திரி மூன்று மணிக்கே விழித்துக்கொள்கிறார், அழுகிறார். துபாயில் வேலை போய், கடனோடு திரும்பி வந்த தம்பிக்கு 28 வயது. அவன் பகலெல்லாம் தூங்குகிறான், வயிறு நிறையச் சாப்பிடுகிறான், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. இரண்டு பேருக்கும் மனச்சோர்வு என்றே சீட்டில் எழுதியிருக்கிறார்கள். இது எப்படி ஒரே நோய்? மழை, ஊர், வீட்டுச் சூழல் எல்லாம் காரணமாகுமா? தம்பியைச் சென்னைக்கு அனுப்பிவிடலாமா?"

இதுதான் உங்கள் கேள்வி. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நான் மருத்துவர் இல்லை, மருந்து எழுதுகிறவன் இல்லை. மனநலச் சமூகப் பணியாளராக இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில்தான் வேலை பார்த்தேன். நோயாளி மருத்துவர் முன்னால் போய் உட்காருவதற்கு முன், வீட்டுக்காரர்களிடம் கதை கேட்டு எழுதுவது என் வேலை. அதனால் என் பதிலும் அந்தப் பக்கமிருந்துதான் வரும்.

பெயர் ஒன்று என்பது வரை சரி. நம் ஊரில் நெஞ்சு வலித்தாலும் வாயு, முட்டு வலித்தாலும் வாயு, முதுகு பிடித்தாலும் வாயு. மனச்சோர்வு என்ற சொல்லும் கொஞ்சம் அந்த மாதிரிதான். மருத்துவர்கள் பெரும்பாலும் வைத்திருக்கும் கணக்கு ஒன்பது அறிகுறிகள்: மனம் வாடிக் கிடப்பது, எதிலும் பிடிப்பு இல்லாமல் போவது, பசி மாறுவது, தூக்கம் மாறுவது, அசைவு மந்தமாவது அல்லது இருப்புக்கொள்ளாமல் தவிப்பது, களைப்பு, தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வது, கவனம் நிற்காதது, சாவைப் பற்றிய எண்ணம். இதில் குறைந்தது ஐந்து, இரண்டு வாரம் விடாமல் இருக்க வேண்டும். அந்த ஐந்தில், நான் முதலில் சொன்ன இரண்டில் ஒன்று கட்டாயம் வேண்டும்.

இதில் 'மாறுவது' என்ற சொல்லைக் கவனித்தீர்களா? பசி குறைந்தாலும் ஒரு புள்ளி, கூடினாலும் அதே ஒரு புள்ளி. தூக்கமும் அப்படியே. உங்கள் அம்மாவும் தம்பியும் ஒன்றுக்கொன்று நேர் எதிராக இருந்தும் ஒரே கட்டத்தில் டிக் வாங்கியிருக்கிறார்கள். ஒன்பதில் ஐந்து என்ற இந்தக் கணக்கைப் பேப்பரில் போட்டுப் பார்த்தால் 227 சேர்க்கைகள் வரும். ஒரே ஒரு அறிகுறி மட்டும் பொதுவாக இருக்கும் இரண்டு பேருக்கும் ஒரே நோய்ப் பெயர் கிடைக்கலாம்.

இது பேப்பர்க் கணக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஸ்டார்-டி என்று ஒரு பெரிய சிகிச்சை ஆய்வு நடந்தது. அதில் சேர்ந்த 3,703 பேரின் அறிகுறிகளை ஐகோ ஃப்ரீட், ராண்டால்ஃப் நெஸ்ஸி இருவரும் 2015-ல் பிரித்து அடுக்கிப் பார்த்தார்கள். 1,030 வெவ்வேறு வகைகள் வந்தன. அதிகம் பேருக்குப் பொதுவாக இருந்த வகைகூட நூற்றுக்கு இரண்டு பேரைத் தொடவில்லை. 'வழக்கமான மனச்சோர்வு நோயாளி' என்று நாம் மனதில் வைத்திருக்கும் ஆள், தேடினால் கிடைக்காத ஆள்.

சரி, இந்த வகைகள் சும்மா சிதறிக் கிடக்கின்றனவா, இல்லை, என்ன நடந்தது என்பதைப் பொறுத்து அமைகின்றனவா? உங்கள் கேள்வியின் உயிர் இதில்தான் இருக்கிறது. 2007-ல் மாத்யூ கெல்லர், மைக்கேல் நீல், கென்னத் கெண்ட்லர் மூவரும் வெளியிட்ட ஆய்வைப் படித்தால் உங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து எழுதினார்களோ என்று தோன்றும். மனம் உடைந்து கிடந்த காலத்தைப் பற்றி 4,856 பேரிடம் விசாரித்து, எதனால் அப்படி ஆனது என்று அவர்களே சொன்ன காரணத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். வேண்டியவர் இறந்தவர்களிடமும் காதல் முறிந்தவர்களிடமும் துக்கம், எதிலும் பிடிப்பின்மை, பசியின்மை மேலோங்கி இருந்தன. நாள்பட்ட நெருக்கடியில் இருந்தவர்களிடமும், அதைவிடக் குறைந்த அளவில் தோல்வியைச் சந்தித்தவர்களிடமும் களைப்பும் அதிகத் தூக்கமும் மேலோங்கின; துக்கமும் பசியின்மையும் அந்த அளவுக்கு இல்லை. காரணம் எதுவுமே இல்லை என்று சொன்ன ஒரு கூட்டமும் இருந்தது. அவர்களிடம் களைப்பு இருந்தது, பசி கூடியிருந்தது, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமும் இருந்தது. ஆனால் துக்கம் குறைவு.

அந்தக் கடைசிக் கூட்டத்தைத்தான் நாம் அடிக்கடி கோட்டை விடுகிறோம். "இவனுக்கு என்ன குறை? வீடு இருக்கு, சோறு இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிடுகிற ஆள் அதில்தான் இருப்பார்.

இதை வைத்து உடனே ஓர் அட்டவணை போட்டுவிடாதீர்கள். சாவு என்றால் அழுகை, கடன் என்றால் தூக்கம் என்று ஆளுக்கு ஆள் எழுதிவிட முடியாது. ஆய்வு சொல்வது சராசரி. ஒரே சாவு வீட்டில் ஒரு மகள் அழுது தீர்ப்பாள், இன்னொரு மகள் பதினாறாம் நாள் வரை வருகிறவர்களுக்கெல்லாம் பரிமாறிவிட்டு மூன்று மாதம் கழித்து எழமுடியாமல் படுப்பாள். ஆனாலும் அறிகுறிகளின் சாயலைப் பார்த்து, வாழ்க்கையில் எந்தப் பக்கம் இடி விழுந்தது என்று விசாரிக்க ஒரு தொடக்கம் கிடைக்கும்.

இப்போது அம்மா விஷயம். மூன்று மணிக்கு விழிப்பு என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு வந்த முதல் கேள்வி: அப்பா பால் வெட்டப் போன காலத்தில் அம்மா எத்தனை மணிக்கு எழுவார்? வெயில் ஏறுவதற்கு முன் வெட்டினால்தான் பால் நன்றாக ஒழுகும். அதற்காகத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே தோட்டத்துக்குப் போகிறவர்கள் நம் மேற்குப் பகுதியில் எத்தனை பேர்! அவருக்குக் கட்டஞ்சாயா போட்டுக் கொடுக்க வீட்டில் ஒரு ஆள் அதற்கும் முன்னால் எழும்பியிருக்கும். முப்பது வருஷம் அப்படி எழும்பிப் பழகிய உடம்பு, சாயா குடிக்க ஆள் இல்லாமல் போன பிறகும் எழும்பத்தான் செய்யும்.

இது நான் அடிபட்டுக் கற்றுக்கொண்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் குலசேகரம் பக்கத்து அம்மா ஒருவரிடம் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டேன். அதிகாலை மூன்றரைக்கு விழிப்பு என்றார், பெரிய கண்டுபிடிப்பு மாதிரி குறித்தேன். கடைசியில் அவரே சிரித்துக்கொண்டு, "நான் கெட்டி வந்த நாளிலேருந்து அப்பிடித்தான் எழும்புவேன் சாரே, அதும் தீனமா?" என்று கேட்டார். அன்றைக்கு மொத்தத் தாளையும் மறுபடி முதலிலிருந்து போட வேண்டியதாயிற்று. தோவாளையில் பூக்காரர் வீடுகளிலும் கடற்கரை ஊர்களிலும் இதே கதைதான். இங்கே கடிகாரம் மட்டும் பார்த்து நோய் சொல்ல முடியாது.

கவனிக்க வேண்டியது வேறு. அவர் வழக்கமாக எழும் நேரத்தைவிட இரண்டு மணி நேரமாவது முன்னதாக விழிப்பு வருகிறதா? வந்த பிறகு என்ன நடக்கிறது? அடுப்பைப் பற்றவைத்து, சாயா போட்டு, ஒரு டம்ளர் கூடுதலாக எடுத்துவிட்டோமே என்று உட்கார்ந்து அழுகிறார் என்றால் அது துக்கம். அடுப்புப் பக்கமே போகாமல் பாயில் கண்ணைத் திறந்து கிடக்கிறார், காலையில் மனம் கல்லாகக் கனக்கிறது, சாயங்காலம் ஆக ஆகக் கொஞ்சம் இளகுகிறது, பேரப்பிள்ளை வந்து மடியில் ஏறினாலும் முகம் மாறவில்லை என்றால் அது வேறு. மனச்சோர்வில் 'மெலன்கோலியா' என்று பழைய காலத்திலிருந்து தனியாகப் பிரித்துவைத்திருக்கும் வகையின் சாயல் அது. காலையில் மோசமாகவும் மாலையில் சற்றுத் தெளிவாகவும் இருப்பது, எடை இறங்குவது, காரணமில்லாத பெரும் குற்ற உணர்வு எல்லாம் அதனோடு சேர்ந்து வரும். அதற்குப் பேச்சு மட்டும் போதாது, பெரும்பாலும் மருந்தும் வேண்டியிருக்கும்.

துக்கத்தையும் நோயையும் பிரிக்க இன்னொரு வழி, துக்கம் அலை மாதிரி வரும், போகும். இறந்தவருடைய சட்டையைப் பார்த்தால் வரும், பாதித் தோட்டம் வரை நடந்தால் வரும். நடுவில் அவர் செய்த கோமாளித்தனம் ஒன்றை நினைத்துச் சிரிப்பும் வரும். இறந்தவர் மேல் ஏக்கம் இருக்கும், ஆனால் தான் எதற்கும் உதவாதவள் என்ற எண்ணம் அநேகமாக இருக்காது. நோயாக மாறும்போது அலை நின்று, தேங்கின தண்ணீர் மாதிரி ஆகிவிடும். "நான்தான் அவரைச் சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகல, நான்தான் கொன்னேன்" என்பது மாதிரியான பேச்சு விடாமல் வந்தால் அசட்டை செய்யாதீர்கள். சாவு நடந்த வீட்டில் இதெல்லாம் சகஜம், நோய் என்று எழுதக் கூடாது என்று மருத்துவர்கள் பார்க்கும் அமெரிக்க மனநோய்க் கையேட்டில் முன்பு ஒரு விலக்கு இருந்தது. 2013-ல் அதை எடுத்துவிட்டார்கள். துக்கத்தையே நோயாக்கிவிட்டார்கள் என்று அப்போது பெரிய சண்டை. என் கருத்தில் இரண்டு பக்கமும் பாதிச் சரி. உங்கள் அம்மாவுக்கு ஒரு வருஷம் ஆகிவிட்டது. இந்தக் கட்டத்தில் சாப்பாடு குறைவதை 'துக்கம்தானே' என்று விட்டுவைக்க எனக்கு மனமில்லை. தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகை, பி12 நான்கையும் பார்த்தே ஆக வேண்டும். இவை ஒவ்வொன்றும் மனச்சோர்வு வேஷத்தில் வரக்கூடியவை.

உடம்பு வலி பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் கேட்டால் இருக்கும் என்று நினைக்கிறேன். நம் பக்கத்துப் பெண்கள் "மனசு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு வருவது அபூர்வம். "மேலுவலி", "தலைக்குள்ள ஒரு எரிச்சல்", "ஒண்ணுக்கும் வய்யா" என்றுதான் வருவார்கள். அண்டி ஆபீசில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு வலிக்க நியாயமான காரணமும் இருப்பதால், யாரும் அதைத் தாண்டிக் கேட்க மாட்டார்கள். வர்ம ஆசானிடம் போய்த் தடவி, இரண்டு நாள் சரியாகி, மூன்றாம் நாள் பழையபடி. இதைக் கிராமத்து அறியாமை என்று நினைக்க வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம் 14 நாடுகளில், பெங்களூர் உட்பட, நடத்திய ஆய்வின் முடிவு 1999-ல் வந்தது. மனச்சோர்வு உள்ள 1,146 பேரில் 69 சதவீதம் பேர் மருத்துவரிடம் போனபோது சொன்னது உடல் தொந்தரவு மட்டும்தான். ஆனால் மனதைப் பற்றி நேராகக் கேட்டதும் மறுத்தவர்கள் 11 சதவீதம்தான். ஆக, சொல்லத் தெரியாமல் இல்லை. யாராவது கேட்டால் சொல்கிறார்கள்.

தம்பிக்கு வருவோம். அதிகத் தூக்கம், அதிகப் பசி, கைகால் ஈயம் மாதிரிக் கனப்பது, நல்ல செய்தி வந்தால் கொஞ்ச நேரம் முகம் மலர்வது, யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் சுருண்டுபோவது. இப்படி ஒரு வகைக்கு 'வழக்கத்துக்கு மாறான' மனச்சோர்வு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர்தான் அப்படி, இளவயதுக்காரர்களிடம் இது அடிக்கடி தென்படும். நண்பன் கூப்பிட்டால் பைக் எடுத்துக்கொண்டு போகிறான், வீட்டுக்கு வந்தால் படுத்துவிடுகிறான் என்று தெரிந்தால் வீட்டில் "நடிக்கிறான்" என்பார்கள். நடிப்பு இல்லை, அந்த வகையின் குணமே அது.

ஒன்றை மட்டும் கவனமாக யோசித்துப் பாருங்கள். இதற்கு முன் எப்போதாவது சில நாள், நான்கைந்து நாளாவது, தூக்கமே இல்லாமல் ஆனால் களைப்பும் இல்லாமல், பேச்சு கூடி, பணத்தை வாரி இறைத்து, பெரிய பெரிய திட்டம் போட்டுக்கொண்டு திரிந்தானா? குடும்பத்தில் வேறு யாருக்காவது அப்படி உண்டா? இருந்தால் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். இருதுருவக் கோளாறு என்று ஒன்று உண்டு, அதன் தாழ்ந்த பாதி பலருக்கு இப்படி நெடுந்தூக்கமாகத்தான் வரும். அதற்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு மனநிலை மறுகோடிக்குத் தாவிவிடும். வீட்டுக்காரர்கள் 'அது அவன் நல்லா இருந்த காலம்' என்று நினைத்துச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். எனக்குத் தெரிந்து மிக அதிகமாக விடுபடுகிற தகவல் இதுதான்.

அது இல்லை என்றால், கெல்லர் ஆய்வு சொன்ன இரண்டாம் வகை இவனுக்குப் பொருந்துகிறது: கடன் என்ற தீராத நெருக்கடி, போன இடத்தில் தோற்று வந்தோம் என்ற எண்ணம். வளைகுடாவிலிருந்து திரும்புகிறவர்கள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. அங்கே அவன் பணம் அனுப்புகிற ஆள். அவன் பேச்சுக்கு வீட்டில் மதிப்பு. இங்கே வந்து இறங்கியதும் ஒரே மாதத்தில் "எப்ப திரும்பிப் போற?" என்று சாயாக்கடையிலிருந்து கல்யாண வீடு வரை எல்லோரும் கேட்பார்கள். பதில் இல்லாதவன் வெளியே இறங்குவதை நிறுத்துவான். அறைக்குள் இருப்பான், ராத்திரி இரண்டு மணி வரை போன், காலை பதினொன்றுக்கு விழிப்பு. உடம்புக் கடிகாரம் பின்னுக்குத் தள்ளிப்போய்விடும். அதைத் திரும்ப இழுத்து நிறுத்துவது காலை வெளிச்சம்தான், அது அவனுக்குக் கிடைப்பதில்லை.

வெளிச்சம் என்றதும் மழைக்கு வரலாம். குளிர்கால மனச்சோர்வு என்பதை நார்மன் ரோசென்தாலும் அவருடைய குழுவினரும் 1984-ல் விவரித்தார்கள். அதன் அடையாளம் அதிகத் தூக்கம், மாவுப் பண்டங்களின் மேல் ஆசை, எடை ஏறுவது, அதாவது உங்கள் தம்பி மாதிரியே. அதைப் படித்துவிட்டு நம் ஊர் ஆடி மழையும் இருட்டும் அதைத்தான் செய்கிறது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு ஒப்புதல் இல்லை. ஹெல்சிங்கியில் டிசம்பர் பகல் ஆறு மணி நேரத்துக்கும் குறைவு, ஜூனில் ஏறக்குறைய 19 மணி நேரம். கன்னியாகுமரி இருப்பது எட்டாவது அட்சரேகைப் பக்கம். இங்கே வருஷத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரம்கூட இல்லை. மேகம் மூடிய ஆடி மாதத்திலும் முற்றத்தில் இருக்கும் வெளிச்சம் அறைக்குள் எரியும் டியூப்லைட்டைவிடப் பல மடங்கு அதிகம். மழையைவிடச் சாத்திய சன்னல்தான் என் கண்ணுக்குப் பெரிய குற்றவாளி. ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் வீடு என்றால் நடுப்பகலிலும் உள்ளே அந்திதான்.

அதற்காக இங்கே பருவமே இல்லை என்று சொல்ல வரவில்லை. இங்கே பருவம் வயிற்றின் வழியாகப் பிடிக்கும். மழை பிடித்தால் பால் வெட்டு இல்லை, வெட்டு இல்லை என்றால் கூலி இல்லை. கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை 61 நாள். அதிலும் நம் மாவட்டம் விசித்திரம்: சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் மேற்குக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த இரண்டு மாதத்தில்தான் பள்ளிக்கூடமும் திறக்கும். வட்டிக்காரர் வருவார், பாத்திரமும் நகையும் அடகுக்குப் போகும், ஆண்கள் சும்மா இருப்பார்கள், சிலருக்குக் குடி கூடும். அந்த மாதங்களில் என்னிடம் வந்த பெண்கள் அழுததைவிடக் களைத்துக் கிடந்ததுதான் அதிகம். ஜூலை மாதக் களைப்பை மழையின் கணக்கில் எழுதுகிறவர் கடன் நோட்டைப் பார்க்காதவர்.

வேறு ஒரு பருவமும் இங்கே உண்டு, நவம்பர் கடைசி. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது தூத்தூர், சின்னத்துறை, வல்லவிளை, நீரோடி என்று அந்த வரிசையில் இருக்கும் ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை, பலருடைய உடலும் கிடைக்கவில்லை. உடல் இல்லாத சாவுக்குத் துக்கம் எப்படிக் கொண்டாடுவது? தாலியை எடுப்பதா வேண்டாமா, அடக்கப் பூசை வைப்பதா கூடாதா, யாராலும் சொல்ல முடியாது. பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த மாதிரி இழப்பை 'முடிவு தெரியாத இழப்பு' என்ற பொருளில் தனியாகப் பெயரிட்டுப் படித்திருக்கிறார். போரில் காணாமல் போனவர்களின் குடும்பங்களைப் பார்த்துத் தொடங்கிய வேலை அது. அவர் சொல்வது, இங்கே உறைந்து நிற்பது அந்தப் பெண்ணின் மனக்கோளாறு ஆகாது, நிலைமையே அவளை உறைய வைக்கிறது. நான் பார்த்த சிலரிடம் அறிகுறிகளும் அப்படித்தான் இருந்தன. அழுகை குறைவு, பசி சுமார், வேலையெல்லாம் செய்வார்கள். ஆனால் முடிவு எடுக்க முடியாது. வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பதா என்ற சின்ன விஷயத்தில்கூட. கதவுச் சத்தம் கேட்டால் தலை திரும்பும். மற்ற மாதங்களில் ஒருவாறு ஓடுகிற வண்டி, காற்று திசை மாறும்போது நின்றுவிடும். மனச்சோர்வுக் கேள்வித்தாளில் இவர்களுக்கு மார்க் குறைவாகத்தான் விழும்.

ஒக்கி கரையையும் விடவில்லை என்பது உங்களுக்கே தெரியும். வாழையும் ரப்பரும் வேரோடு சாய்ந்தன. வாழை அடுத்த வருஷம் வந்துவிடும். ரப்பர் நட்டு வெட்டுக்கு வர ஏழு வருஷமாகும். ஐம்பது வயதில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றவருக்கு வந்த சோர்வு, சாவு வீட்டுச் சோர்வு மாதிரி இருக்கவில்லை. "இனி எதுக்கு?" என்ற ஒரே வரியைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பார். உங்கள் அப்பா வேலை பார்த்த தோட்டமும் அதில் போயிருந்தால், உங்கள் வீட்டு நெருக்கடி அப்பாவின் சாவோடு தொடங்கியதாக இருக்காது.

சூழலே எல்லாம் என்றும் நினைத்துவிட வேண்டாம். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் மனச்சோர்வில் பரம்பரையின் பங்கு 37 சதவீதம் அளவுக்கு வருகிறது. அம்மாவுக்கும் மகனுக்கும் ஒரே வீட்டில் வந்திருக்கிறது என்றால் அந்தப் பங்கும் இருக்கலாம். 'இந்த ஒரு மரபணுதான்' என்று 2003-ல் பெரிதாகப் பேசப்பட்ட ஒன்று, பின்னால் நடந்த பெரிய ஆய்வுகளில் நிற்கவில்லை. அதை விட்டுவிடலாம்.

சூழலில் எது ஆளைக் காப்பாற்றுகிறது என்பதற்கு ஒரு பழைய ஆய்வு இன்னும் எனக்குப் பிடிக்கும். லண்டனில் கேம்பர்வெல் பகுதிப் பெண்களை வைத்து ஜார்ஜ் பிரௌனும் டிரில் ஹாரிஸும் 1978-ல் வெளியிட்டது. பெரிய அடி விழுந்தபோது, மனம் விட்டுப் பேச நெருக்கமான ஒரு ஆள் இருந்த பெண்கள் அவ்வளவாக விழவில்லை. நம் ஊரில் வேலூர் பக்கம் கிராமத்துப் பெண்களிடம் செய்து 2002-ல் வெளியான பிரசவகால ஆய்வும் இதே திசையைக் காட்டுகிறது. பிரசவத்துக்குப் பிறகு 11 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு வந்தது. வருமானம் குறைவு, மகனை எதிர்பார்த்த இடத்தில் மகள் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கைவேலைக்கு உதவ ஆள் இல்லாதது ஆகியவை காரணங்களில் இருந்தன. உங்கள் அம்மாவுக்கு முப்பது வருஷமாக மனம் விட்டுப் பேசின ஆள் யார்? அப்பாதான் என்றால், அம்மா கணவரை இழந்ததோடு இதையும் சேர்த்தே இழந்திருக்கிறார். பக்கத்து வீட்டில் சம வயதில் ஒரு பெண் இருந்தால் தினமும் அரை மணி நேரம் வந்து உட்காரச் சொல்லுங்கள். அவர் கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போகிறவர் என்றால் கூட்டிக்கொண்டு போகட்டும். மாத்திரையோடு அதற்கு எந்தச் சண்டையும் இல்லை. மாத்திரைக்குப் பதிலாக நாற்பது நாள் நேர்ச்சை என்று யாராவது சொன்னால் மட்டும் மறுத்துவிடுங்கள்.

சிகிச்சை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது உங்கள் மருத்துவர் பார்க்க வேண்டியது. மாத்திரை வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும்; ஒரு வாரத்தில் "இது கேக்கல" என்று விட்டுவிடாதீர்கள். சரியான பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும், நிறுத்தும்போது கொஞ்சம் கொஞ்சமாக. தம்பிக்குப் பேச்சு வழிச் சிகிச்சையில் செயலிலிருந்து தொடங்குகிற முறை ஒத்துவரும் என்று நினைக்கிறேன். மனம் சரியான பிறகு வேலை செய்யலாம் என்று காத்திருக்காமல், சின்ன வேலையை நேரம் குறித்துச் செய்ய வைத்து அதன் பின்னால் மனதை வரவழைப்பது. கோவாவில் ஆரம்பச் சுகாதார நிலையங்களில் மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்களை வைத்து இதைச் செய்து, பலன் இருந்தது என்று 2017-ல் விக்ரம் படேல் குழு வெளியிட்டது. காலை எட்டு மணிக்கு முன் அவனைக் கடைக்கு அனுப்புவது அந்த முறைக்கும் சரி, வெளிச்சத்துக்கும் சரி. ஆனால் "சோம்பேறி" என்ற சொல் இல்லாமல் அனுப்ப வேண்டும்.

இரண்டு பேரிடமும் ஒன்றை நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்ற பயம் தேவையில்லை, அப்படி ஆவதில்லை. பெரும்பாலும் முகத்தில் ஒரு நிம்மதிதான் தெரியும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்தில் இருக்கும் மனநல மருத்துவரிடமோ போய்விடுங்கள். ராத்திரியானால் 14416-க்குப் போன் செய்யலாம். டெலி-மானஸ் என்ற அரசு உதவி எண் அது, தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது.

தம்பியைச் சென்னைக்கு அனுப்புவது இப்போது வேண்டாம். கடன் இங்கேயே இருக்கும், அவன் அங்கே இன்னொரு மூடிய அறையில் இருப்பான், மாத்திரை எடுக்கிறானா என்று பார்க்க ஆள் இருக்காது. முதலில் கடனை ஒரு தாளில் எழுத வையுங்கள்: யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி. இரண்டு பேர் உட்கார்ந்து அதைப் பார்க்கட்டும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அம்மாவுக்கும் தம்பிக்கும் தனித்தனியாக இரண்டு வாரக் குறிப்பு எடுத்துக்கொண்டு போங்கள்: எப்போது எழுந்தார், அது பழைய வழக்கமா புதிதா, காலையில் எப்படி, மாலையில் எப்படி, எவ்வளவு சாப்பிட்டார். அம்மாவின் பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டு எதுவும் அலமாரியில் கிடந்தால் அதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள், குறிப்பாகத் தைராய்டு பார்த்தது.